அரசி நடை

ஆட்டோ நின்ற இடத்திலிருந்து கலைக்கூடத்தின் வாசல் பத்தடிகூட இருக்காது. அதைக் கடந்து முத்தரசி கதவருகே வருவதற்குள், ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார்.

இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசிவைத்து, வலது காலை அதனருகே இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் தோளைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். நடைபாதையில் பூ விற்கும் அம்மாள் கூடையை நகர்த்தி வழிவிட்டாள். "பாத்து வாம்மா" என்றாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம், "இந்த வயசுலயே பக்கவாதம் வந்துடுது பாரு" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றிருந்த ரெஜினாவின் காதிலும் அது விழுந்தது.

பூக்காரம்மாளின் தலைக்கு மேலே, அடுத்த கடையின் பெரிய திரையில், ஒளியாலான ஒரு பெண் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லாத நடை. முழங்கால் அதிகம் உயராது. குதிகால் தரையை விடுவதற்கு முன் கண்ணிமைக்கும் நேரம் தயங்கும். அதற்குள் இடுப்பு மெல்லத் திரும்பிவிடும். நாடு முழுக்க அதற்கு 'அரசி நடை' என்று பெயர். அந்த நடைக்குச் சொந்தக்காரி இதோ போகிறாளே இவள்தான் என்று சொன்னால் பூக்காரம்மாள் சிரித்திருப்பாள். சட்டம் தெரிந்தவர்களும் இல்லையென்று தலையை ஆட்டியிருப்பார்கள். சொந்தக்காரியாக இருந்தவள் என்பதுதான் சரி. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு முத்தரசி தன் நடையை விற்றுவிட்டாள்.

அப்போதுதான் நிழலுருக்கள் பரவத் தொடங்கியிருந்தன. வீட்டில் உட்கார்ந்தபடியே தன் ஒளி உருவத்தை அலுவலகக் கூட்டத்துக்கும், அத்தை மகன் கல்யாணத்துக்கும் அனுப்பிவைக்கலாம். முகத்தையும் குரலையும் இயந்திரம் சுலபமாகச் செய்துவிட்டது. நடைதான் வரவில்லை. எல்லாரும் கடைத்தெருவில் சாவி கொடுத்த பொம்மை போல நடந்தார்கள். 'சலனம்' என்ற நிறுவனம் மேடையில் நடக்கும் மாடல்களிடம் நடையை விலைக்கு வாங்கி, வாடகைக்கு விட ஆரம்பித்தது. வாங்கியதில் பெரும்பாலானவை ஓராண்டில் மறந்துபோயின. முத்தரசியுடையது நிலைத்துவிட்டது. இன்று மணமேடைக்கு வரும் மணப்பெண்ணின் நிழலுரு, செய்தி வாசிப்பவரின் நிழலுரு, சட்டமன்றத்துக்குள் நுழையும் உறுப்பினரின் நிழலுரு, எல்லாம் அவள் நடையில்தான் போய்வருகின்றன.

விற்ற பொருள் தெருவில் இலவசமாகக் கிடைக்கக் கூடாது. ஊரெல்லாம் கேமரா. முத்தரசி காய்கறி வாங்கப் போனால்கூட அந்தப் பதிவிலிருந்து எவனாவது நடையை உருவி எடுத்துவிடலாம். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது: வீட்டுக்கு வெளியே அவள் செருப்புக்குள் ஒரு தகடு போட்டுக்கொள்ள வேண்டும். அது இடது காலை ஒரு பக்கமாகச் சாய்த்து, நடையைக் கலைத்துவிடும். தகடில்லாமல் வாசலைத் தாண்டினால் நிறுவனத்துக்குத் தகவல் போகும்.

ரெஜினா கதவைத் திறந்து பிடித்தாள். "ஏட்டி, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்லா."

"நீங்க வந்தா என் வீட்டு மாடி ஏறணும். உங்களுக்கும் அம்பது தாண்டியாச்சுக்கா." முத்தரசி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். "தண்ணி குடுங்க."

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் ரெஜினாவின் பேச்சில் ஊர் போகவில்லை. முத்தரசி அருப்புக்கோட்டைக்காரி. முதல் தடவை பார்த்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பேஷன் ஷோ ஒன்றில் மேடைக்குப் பின்னால், எல்லாரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில், "அக்கா, சேப்டி பின் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து பழக்கம்.

ரெஜினா மேடையைப் படம் எடுத்ததே இல்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அவள் எடுத்தது எல்லாம் பின்பக்கம், அதுவும் கறுப்பு வெள்ளையில். உதட்டுச் சாயம் கலையாமல் அண்ணாந்து ஸ்டிராவில் மோர் குடிக்கும் பெண். உட்கார்ந்தால் மடிப்பு கலைந்துவிடும் என்று சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கும் ஆறு பேர். உடையின் முதுகுப் பக்கம் குண்டூசி குத்திக்கொண்டிருக்கும்போது போனில் தம்பியின் கணக்குப் பாடத்துக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும் ஒருத்தி. அந்தப் படங்களை முதன்முதலாக ஒரே கூடத்தில் தொங்கவிட்டிருந்தாள். வரும் சனிக்கிழமை திறப்பு. செவ்வாய்க்கிழமை சலனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது: முத்தரசி இருக்கும் படங்களை எல்லாம் அகற்ற வேண்டும், அவற்றிலிருந்து அரசி நடையை மீட்டெடுக்க முடியும் என்று.

"வக்கீலைப் பாத்துட்டேன்" என்றாள் ரெஜினா. "மேடைக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருக்கிறவளைப் படம் எடுத்தா அதுல என்ன நடை இருக்குன்னு கேட்டாரு. சண்டை போடலாம்னாரு."

"அதுக்குத்தாங்க்கா வந்தேன். போடாதீங்க."

ரெஜினா அவளைப் பார்த்தாள்.

"முட்டியை ஸ்கேன் எடுத்தாச்சு. உள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்குமாம். இடது பக்கம் ஒரு ஓரத்துல அது தேஞ்சே போச்சு. தகடு சாய்ச்சுச் சாய்ச்சு எல்லா எடையும் அந்த ஓரத்துலயே விழுந்திருக்கு. இந்த டாக்டரம்மா நல்லவங்க. மறைக்காம சொல்லிட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் இப்படி நடந்தா அப்புறம் கம்புதான்னு."

"ஆபரேஷன்?"

"பண்ணிட்டு மறுபடி இதே தகட்டைப் போட்டு நடந்தா, பண்ணாத மாதிரிதானாம்." தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "கம்பெனிக்கு மனு போட்டிருக்கேன், தகட்டை எடுக்கச் சொல்லி. ஆறு மாசமா பரிசீலனையில இருக்கு. நேத்து ஒருத்தர் பேசினார். திருமலைராஜன்னு பேரு. தன்மையான மனுஷன். 'உங்க தோழி படங்களை அவங்களாவே எடுத்துட்டா, உங்க மனுவைப் பத்தி மேல பேசறது எனக்குச் சுலபமா இருக்கும் மேடம்'னார்."

"தன்மையா மிரட்டியிருக்கான்."

"மிரட்டலோ என்னமோ. எனக்குக் கால் வேணும்க்கா." பிறகு மகளின் பேச்சை எடுத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மகிழுக்கு நாலு வயசாச்சுல்ல? வீட்டுக்குள்ள நல்லாத்தான் ஓடுறா. கேட்டைத் தாண்டின உடனே இடது காலை இழுக்கிறா. டாக்டர் கிட்ட தூக்கிட்டு ஓடினேன். ஒரு குறையும் இல்லைன்னாங்க. ஏன்டி இப்படி நடக்கிறேன்னு கேட்டா, 'வெளியே இப்படித்தானம்மா நடக்கணும்'கிறா."

ரெஜினா சுவரோரம் கிடந்த சிறிய ஏணியை இழுத்தாள்.

"சரி. எதெதுல நீ இருக்கன்னு காட்டு. கழட்டிருவோம்."

"கோவமாக்கா?"

"உன் மேல எனக்கு என்ன கோவம்? ஏணியப் பிடி. இல்ல, நீ பிடிக்காத, உக்காரு. விரலக் காட்டினாப் போதும்."

மூன்று மணிக்கு திருமலைராஜன் வருவதாக இருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முத்தரசி நாற்காலியில் இருந்தபடியே பழைய படங்களுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் இப்போது துபாயில், இவள் பியூட்டி பார்லர் வைத்துவிட்டாள், இந்தப் புடவையில் அன்றைக்குத் தீப்பிடிக்க இருந்தது. சில படங்களுக்குச் சிரித்தாள். கூடத்தின் நடுச்சுவருக்கு வந்தபோது அங்கே ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஆளுயரம். ரெஜினாவின் கண்காட்சிக்கே அதுதான் முகம்.

"இதை விட்டுடலாம்க்கா. இது வேற யாரோ."

"யாரோவா? பைக் சைலன்சர் சுட்ட தழும்பு தெரியலையா?"

அது வெறும் இரண்டு கால்களின் படம். ரெஜினா தரையில் குப்புறப் படுத்து எடுத்தது. உயர்ந்த குதி வைத்த செருப்பில் நிற்கும் பெண் ஒரு குதிகாலைத் தூக்கியிருக்கிறாள். குதிகாலுக்கும் செருப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. முன்பக்கம் கசக்கித் திணித்த டிஷ்யூ காகிதம் பிதுங்கி நிற்கிறது. அடிப்பாகம் முழுக்க டேப் ஒட்டியிருக்கிறது. ஓரங்கள் பிய்ந்து பூவிதழ் போலச் சுருண்டிருக்கின்றன. பின்னால் மங்கலாக, வரிசையாக, கேமராக்களைத் தாங்கும் கறுப்பு முக்காலிகள்.

முத்தரசி எழுந்து வந்து தன் கணுக்கால் தழும்பைப் பார்த்தாள். படத்தில் இருந்ததையும் பார்த்தாள்.

"ஆமா, நான்தான். அய்யோ, அந்தச் செருப்பு. நேபாளத்துப் பொண்ணு ஒருத்தி வரவேண்டியது, அன்னைக்குக் காய்ச்சல்னு வரலை. அவ டிரஸ்ஸை எனக்குப் போட்டாங்க. செருப்பு டிரஸ்ஸோட வந்துடும்ல. எனக்கு ஆறு. அது எட்டு."

"எல்லாச் செருப்பும் பெருசாத்தான வரும்?"

"கடைக்காரன் பெரிய சைஸாத்தான் குடுப்பான். பெருசுல யார் காலும் நுழையும், சின்னதுல நுழையாதுல்ல. டிஷ்யூவை அடைச்சுக்கோன்னுடுவாங்க. கீறல் இல்லாம கடைக்குத் திருப்பிக் குடுக்கணும்னு அடியில டேப்பை ஒட்டி வச்சிருப்பாங்க. அந்த டேப்போட பளபளன்னு இருக்கிற தரையில நடந்து பாருங்க. எண்ணெயில நடக்கிற மாதிரி இருக்கும்."

ரெஜினா படத்தின் பின்னணியில் மங்கலாகத் தெரிந்த முக்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி நடப்ப அதுல?"

"எப்படி நடக்கிறது? விரலைச் சுருட்டிச் செருப்பைக் கவ்விக்கணும். முட்டியைத் தூக்கக் கூடாது, தூக்கினா கழண்டு விழுந்துடும். குதிகாலை எடுக்கும்போது செருப்பும் கூட வருதான்னு ஒரு செகண்ட் நின்னு பாத்துட்டு, அப்புறம்தான் எடுக்கணும். முட்டி தூக்கலைன்னா கால் முன்னால வராது, அதனால இடுப்பை இப்படி…"

ரெஜினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தகடு போட்ட காலோடேயே, இடுப்பை மெல்லத் திருப்பிக் காட்டினாள். காட்டியவள் அப்படியே நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பக்கத்துக் கடைத் திரையின் ஓரம் தெரிந்தது. ஒளிப்பெண்ணின் குதிகால் தரையை விடுவதற்கு முன் கண்ணிமைக்கும் நேரம் தயங்கியது. இடுப்பு மெல்லத் திரும்பியது.

"அக்கா."

"பேசாத. பொறு." ரெஜினா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "பின்னால இருக்கிறது அவங்க கேமராதான். ஷோ முடிஞ்ச கையோட, டிரஸ் மாத்த விடாம, அந்த நீளமான வராந்தாவுல உங்களை நடக்கச் சொல்லிப் பிடிச்சாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வரிசையில நிக்கிறப்பதான் நான் கீழ படுத்து இதை எடுத்தேன்."

"இருபது தடவை நடந்திருப்பேன்."

"இந்தச் செருப்போட."

"இந்தச் செருப்போட."

"ஏட்டி, இது உனக்கு இத்தனை வருஷமாத் தோணவே இல்லையா?"

"எப்படிக்கா தோணும்? எல்லா ஷோவுலயும் அப்படித்தானே நடந்தோம். காலுக்குச் சேர்ற செருப்பைப் போட்டு நான் மேடை ஏறினதே இல்லையே."

இருவரும் அந்தப் படத்தின் முன்னால் இருந்தபோதே கதவு திறந்தது.

திருமலைராஜன் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். வெயிலில் வந்ததில் சட்டைக் காலர் நனைந்திருந்தது. கழற்றிவைத்த படங்களைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "ரொம்ப நன்றி மேடம். இவ்வளவு சீக்கிரம் ஒத்துழைப்பீங்கன்னு நினைக்கலை." உண்மையிலேயே நன்றி சொல்கிறவர் போலத்தான் சொன்னார்.

"காபி சொல்லட்டுமா?"

"தண்ணி போதும்."

"ஒரு சந்தேகம் சார்" என்றாள் ரெஜினா. "இந்தப் படங்கள்ல அரசி நடை இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரே ஆளை அடுத்தடுத்து எடுத்த படங்கள் இருந்தா அதுலேர்ந்து நடையைத் திருப்பிக் கட்டிடலாம் மேடம். இடுப்பு, முட்டி, கணுக்கால் எப்ப எங்க இருக்குன்னு இயந்திரம் பாக்கும். நடுவுல விட்டதை அதுவே போட்டுக்கும்."

"கட்டிப் பாத்தீங்களா?"

அவர் தண்ணீர் பாட்டிலை மூடினார். "முகமும் பேரும் எங்க வந்தாலும் நோட்டீஸ் தானாப் போயிடும். ஒவ்வொண்ணா யார் உக்காந்து பாக்கிறது?"

"இப்பப் பாருங்களேன்." சுவரில் சாய்த்துவைத்திருந்த படங்களில் ஒரு தொகுப்பை இழுத்து வரிசையாக வைத்தாள். "இது அதே நாள் காலையில ஒத்திகை. மாடலுங்க வெறுங்காலோட நடப்பாங்க, செருப்பு அழுக்காகக் கூடாதுன்னு. அடுத்தடுத்து எடுத்தது. உங்க ஆளுங்க அன்னைக்குச் சாயங்காலம்தான் இவ நடையைப் பிடிச்சாங்க. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடைன்னு யாருக்கும் இருக்காதுல்லா?"

அவர் தோள்பையிலிருந்து உள்ளங்கை அளவுக் கருவியை எடுத்தார். அதன் கண்ணைப் படங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினார். திரையைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து நகர்த்தினார்.

"என்ன சொல்லுது?"

"பொருந்தலை. நூத்துக்குப் பதினொண்ணுதான் வருது. ரோட்டுல போற எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் அவ்வளவு வரும்." நெற்றியைத் துடைத்தார். "படத்தை வச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது மேடம். ஆளே நேர்ல நடந்து பாத்தாத்தான்."

"நடக்கிறேன்" என்றாள் முத்தரசி.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா." அவர் குரல் முதல் தடவையாக அலுவல் தொனியை விட்டது. "இது பொது இடம். இங்க தகட்டைக் கழட்டறதே ஒப்பந்த மீறல். பொருந்தலைன்னா பரவாயில்லை. பொருந்திடுச்சுன்னா நானே ரிப்போர்ட் பண்ணணும், வேற வழி கிடையாது. மீறினவங்க மனுவை யாரும் கையில எடுக்க மாட்டாங்க. அதோட உங்க கால் விஷயம் முடிஞ்சுது."

ஒரு படத்தை நம்பி இவளைக் கிணற்றில் தள்ளுகிறோமோ என்று ரெஜினாவுக்குப் பட்டது. அந்தச் செருப்பு அன்றைக்கு எவ்வளவு மாற்றியிருக்கும், எவ்வளவு இவளுடையதாகவே இருந்திருக்கும், யாருக்குத் தெரியும்? "வேண்டாம்ட்டி. படத்தைக் கழட்டியாச்சுல்லா. அவரு மேல பேசட்டும்."

முத்தரசி அதற்குள் குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்திருந்தாள். "அவர் பேசி, அவங்க பரிசீலிச்சு, அதுக்குள்ள கம்பு வந்துடும்க்கா." செருப்புக்குள்ளிருந்து தகட்டை உருவி மேசை மேல் வைத்தாள். கறுப்பாக, மெலிதாக, ஒரு பக்கம் மட்டும் தடித்து இருந்தது. உடனே திருமலைராஜனின் கருவியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவர் அதை அமுக்கினார்.

வெறுங்காலோடு முத்தரசி கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்றாள். அங்கிருந்து நடந்து வந்தாள்.

தகடு இல்லை. ஆனாலும் இடது கால் வெளியே வீசிக்கொண்டுதான் வந்தது. தோள் சாய்ந்தது. எட்டு ஆண்டுகளாக வாசலைத் தாண்டியதும் செய்ததைக் கால் தானாகவே செய்தது.

"இது தகட்டு நடை" என்றார் திருமலைராஜன். "இதை வச்சுப் பாக்க முடியாது. திரும்ப வாங்கம்மா." அவர் அவசரப்படுத்தவில்லை.

இரண்டாவது தடவையும் அப்படித்தான். முத்தரசி மறுகோடியில் சுவரைப் பிடித்து நின்றாள். "அக்கா, எனக்கு மறந்துபோச்சு போல இருக்கு" என்றாள். சாதாரணமாகச் சொல்லப் பார்த்தாள். முடியவில்லை.

ரெஜினா கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு, மேடைக்குப் பின்னால் ஆள் கூப்பிடுகிறவனின் அதே கடுகடுப்போடு, கையைத் தட்டினாள்.

"ஏய், அரசி! அங்க என்னட்டி பண்ணிக்கிட்டு நிக்க? அடுத்தது நீ. ஒத்திகைதான், செருப்பு வேண்டாம். வா, வா, வா!"

முத்தரசியின் தலை நிமிர்ந்தது. அவள் வந்தாள்.

குதிகால் தொம்தொம்மென்று தரையில் பட்டது. கைகள் இரண்டும் தாராளமாக வீசின. பஸ் கிளம்பிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே வருகிறவளின் நடை. முட்டி வலியில் இடையில் ஒரு தடவை முகம் சுளித்தாள், ஆனால் நிற்கவில்லை. கூடத்தின் இந்தக் கோடி வரை வந்து, ரெஜினாவைத் தாண்டி, திருமலைராஜனின் முன்னால் போய்த்தான் நின்றாள்.

அவர் கருவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க சார்."

"பொருந்தலை" என்றார். "கொஞ்சம்கூட."

முத்தரசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெஜினா மூச்சை விட்ட சத்தம் அவளுக்கே கேட்டது.

திருமலைராஜன் நடுச்சுவருக்குப் போனார். அந்தக் கால்களின் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "பின்னால இருக்கிறது எங்க கேமராவா?"

"உங்களோடதுதான்."

"செருப்பு?"

"ரெண்டு சைஸ் பெருசு. அடியில டேப்பு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். "குதிகால் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தயக்கம் வரும் பாருங்க, அதை எங்க ஆராய்ச்சிப் பிரிவுல மாசக்கணக்கா உக்காந்து அலசினாங்க மேடம். ஏன் எல்லாருக்கும் பிடிக்குதுன்னு. அதுக்குப் பேர்கூட வச்சிருக்காங்க. 'நிதானம்'னு."

"செருப்பு கூட வருதான்னு பாத்தேன் சார்" என்றாள் முத்தரசி தரையிலிருந்தபடி.

அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முத்தரசி கையை ஊன்றி எழுந்து மேசையருகே வந்து தகட்டை எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இதை எதுக்கு சார் போட்டுக்கிட்டு நடந்தேன்?"

அவர் கருவியைத் தோள்பைக்குள் வைத்தார்.

"என் தம்பி கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க என்னைப் பாத்துட்டு, குடும்பத்துல வாதம் இருக்கான்னு விசாரிச்சாங்க. என் பொண்ணு காலை இழுக்கிறா." தகட்டை அவர் பக்கமாக நீட்டினாள். குரல் உயரவில்லை. "உங்க ஷூல போட்டுக்கிட்டு நடந்து பாருங்க. தூரமெல்லாம் வேண்டாம். உங்க கார் வரைக்கும்."

அவர் தகட்டை வாங்கிக்கொண்டார். அதன் தடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"போலியை வித்துட்டேன்னு நாளைக்கு என் மேல திரும்ப மாட்டீங்களே?"

"நீங்க நடந்ததைத்தான் அவங்க எடுத்தாங்க. அந்தச் செருப்பை மாட்டிவிட்டது நீங்க இல்லை. இதை வச்சு கேஸ் போடணும்னா, அரசி நடைன்னா என்னன்னு கம்பெனியே கோர்ட்டுல சொல்லியாகணும். உயிர் போனாலும் சொல்ல மாட்டாங்க." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால், பூக்காரம்மாளின் கூடைக்குப் பக்கத்தில், அவர் பேசுவதும் கேட்பதும் மறுபடி பேசுவதும் தெரிந்தது. ஒரு தடவை கையிலிருந்த தகட்டை எதிரே ஆள் இருப்பதுபோல ஆட்டிப் பேசினார்.

திரும்பி வந்தபோது காலர் இன்னும் நனைந்திருந்தது. "நேர்ல சோதனை பண்ணினதுல பொருத்தம் இல்லைன்னு இப்பவே அனுப்பிட்டேன். பொருந்தாதவங்களுக்குத் தகடு கிடையாது. காரணம் எழுத வேண்டாம்னுட்டாங்க. உங்க மத்த படங்களை மறுபடி சுவர்ல மாட்டிக்கலாம் மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு மட்டும். இந்தக் கால் படம் வெளியே வரக் கூடாது. அது வந்தா மத்ததெல்லாம் அவங்க மறுபடி கிளறுவாங்க."

ரெஜினா அந்தப் படத்தைப் பார்த்தாள். இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் அவள் எடுத்ததில் இதுபோல இன்னொன்று கிடையாது. அது அவளுக்கே தெரியும்.

"அக்கா, அது உங்க நல்ல படம்" என்றாள் முத்தரசி மெதுவாக.

"ஏணியப் பிடி" என்றாள் ரெஜினா. "இப்பப் பிடிக்கலாம்லா?"

சனிக்கிழமை கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நடுச்சுவரில் ஆணி மட்டும் இருப்பதைப் பார்த்துச் சிலர் அதற்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா திருத்தப் போகவில்லை.

முத்தரசி மகளோடு வந்திருந்தாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களாம். டாக்டரம்மா, இனி பயமில்லை என்று சொல்லியிருக்கிறாராம். முட்டியில் கட்டோடு, தட்டையான செருப்பில், சரியாக ஆறாம் எண், எல்லாப் படங்களையும் சுற்றிவந்தாள்.

விடைபெறும்போது ரெஜினாவும் கேமராவோடு நடைபாதை வரை வந்தாள். பக்கத்துக் கடை வாசலில் இரண்டு கல்லூரிப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி திரையைப் பார்த்துக்கொண்டே, குதிகாலைத் தயங்கித் தயங்கி எடுத்து, இடுப்பைத் திருப்பி நடந்துகொண்டிருந்தாள். மற்றவள் போனில் பிடித்தாள். முத்தரசி நின்று பார்த்தாள்.

"பாப்பா, செருப்பு பெருசா இருக்கா?"

அந்தப் பெண் திரும்பினாள். "இல்லையே ஆன்ட்டி. கரெக்ட் சைஸ்தான்."

"விரலைச் சுருட்டி வச்சிருக்கியே, அதான் கேட்டேன்."

"அப்படித்தான் நடக்கணும் ஆன்ட்டி. இது அரசி நடை. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதும்மா" என்றாள் முத்தரசி. சிரிப்பை அடக்கிக்கொண்டு ரெஜினாவைப் பார்த்தாள். "கால் வலிக்கும். ரொம்ப நேரம் நடக்காதே."

பூக்காரம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சாம்மா?" என்றாள். "எந்த டாக்டர்?"

முத்தரசி ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். மகிழ் நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கியதும் வழக்கம்போல இடது காலை வெளியே வீசி இழுத்தாள். இரண்டடி போனதும் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். முத்தரசி ஏதோ சொன்னாள். ரெஜினாவுக்குக் கேட்கவில்லை. குழந்தை ஒரு கணம் யோசித்தது. பிறகு காலை நேராக வைத்தது. அடுத்த காலையும்.

ரெஜினா கேமராவை உயர்த்தினாள். இத்தனை ஆண்டுகளாகத் தெருவில் முத்தரசியைப் படம் எடுப்பது சுலபமாக இருந்தது. நின்று நிதானித்து, வெளிச்சம் பார்த்து, வேண்டிய இடத்துக்கு அவள் வந்துசேரும் வரை காத்திருக்கலாம். அந்தப் பழக்கத்தில் நிதானமாகவே லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்பினாள். திருப்பி முடித்துப் பார்த்தபோது கேமராவின் சட்டத்துக்குள் காலியான தெரு மட்டும்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள்.